சிவப்பு எழுத்து இல்லாத மரம்

லிமசோல்
2 ஏப்ரல் 1962

தம்பி திரிஃபோனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. தினமும் உங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டிவரும் ஹம்பிஸ் அதை நான் கேட்காமலே சொல்லிவிட்டுப் போகிறான். இந்தக் கடிதத்தையும் அவன் கையில்தான் கொடுக்கிறேன். தபால்தலை ஒட்டும் அளவுக்கு நீ எனக்கு இன்னும் தூரமாகிவிடவில்லை.

போன வாரம் பண்டிகைக்கு வந்தவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏன் திரும்பினாள் என்று உன் பெண்டாட்டி தெஸ்பூல்லா பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்கிறாளாம். நீ அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் எழுதுகிறேன், இருவரும் சேர்ந்து படியுங்கள்.

நான் தோப்புக்குப் போனேன். இந்தப் பருவத்தில், பாகுக்குக் காய் தரும் என் கரோப் மரங்களில் பச்சைப் பிஞ்சு கொத்துக்கொத்தாகக் கிளையிலும் தண்டிலும் ஒட்டிக்கொண்டு தொங்க வேண்டும். ஒன்றுமில்லை. காய்ந்த பூக்காம்புதான் கீழே உதிர்ந்து கிடந்தது. என்ன நோயோ என்று பதறிப்போய் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே உன் புது அறைப் பக்கம் வந்தேன். அந்த ஆண் மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. உன் ஆடு ஒன்று அதன்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தது.

என் கல்யாணத்தன்று அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. "மண்ணு பையனுக்கு, காய்க்கிற மரமெல்லாம் மிரோஃபோராவுக்கு." மண் ஒருவருக்கும் மரம் இன்னொருவருக்கும் இருப்பது இந்தச் சைப்ரஸில் புதிதா என்ன? அன்றைக்கே அப்பா சாயக் குவளையோடு போய் என் மரம் ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பில் எழுதிவைத்தார். அந்த ஒரு மரத்தில் மட்டும் எழுதவில்லை, அது காய்க்காது என்பதால். எழுத்து இல்லை, ஆகவே அது உன்னுடையது என்று வெட்டிவிட்டாய். என் மரங்களுக்கெல்லாம் மகரந்தம் தந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

சரி, மரம் போனது போனதுதான். ஆனால் நான் கத்தியபோது நீ என்ன சொன்னாய்? "மலட்டு மரந்தானேக்கா, அதுக்குப் போய் எதுக்கு இந்தக் கூப்பாடு?" எனக்கும் பியெரிஸுக்கும் பிள்ளை இல்லை. அந்த வார்த்தையை என் மாமியார் சொல்லியிருக்கிறாள், அக்கம்பக்கம் சொல்லியிருக்கிறது. அதெல்லாம் எனக்கு இப்போது உறைப்பதில்லை. உன் வாயிலிருந்து வந்தபோது உறைத்தது. அதனால்தான் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது கேள். இந்த வருஷம் காய் கிடையாது. என் மிட்டாய்க் கடை பழைய பாகை வைத்துத்தான் ஓட வேண்டும். சுண்ணாம்புச் சூளைக்காரர் விறகுக்காக என் மரங்களை மொத்தமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த வருஷ அறுவடைக்கும் காய் இல்லை என்றால் கொடுத்துவிடுவேன். நீ அந்த வார்த்தையை வாபஸ் வாங்கும்வரை ஊர் மண்ணையும் மிதிக்கமாட்டேன்.

உன் அக்கா
மிரோஃபோரா

பி.கு: தவக்காலம் என்பதால் தெஸ்பூல்லாவுக்குக் கொஞ்சம் பஸ்தெல்லி மிட்டாய் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு இல்லை.

*

கத்தோ லிவாதி
9 ஏப்ரல் 1962

அக்காவுக்கு,

மிட்டாயைத் தெஸ்பூல்லா மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். எடுத்துத் தின்றுவிட்டேன். இந்த முறை பாகை நன்றாக இழுத்திருக்கிறாய், பல்லில் ஒட்டவே இல்லை.

மரத்துக்கு வருகிறேன். அது ஆண் மரம் என்று தெரியாமல் வெட்ட நான் என்ன டவுன்காரனா? தெரிந்துதான் வெட்டினேன். பள்ளத்தாக்கில் காட்டு மரங்கள் நிற்கின்றனவே, மகரந்தம் அங்கிருந்து காற்றில் வந்துவிடும் என்று நினைத்தேன். நீ போன பிறகு போய்ப் பார்த்தேன். பள்ளத்தாக்கு மொட்டையாகக் கிடக்கிறது. எல்லாம் உன் சூளைக்காரர் வயிற்றுக்குள் போயாகிவிட்டது. அங்கே புல் இல்லை, அதனால் ஆட்டை ஓட்டிக்கொண்டு நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏன் வெட்டினாய் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீ வருஷா வருஷம் செப்டம்பரில் வந்து பாகு காய்ச்சிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாய். அந்த மரம் அதற்குப் பிறகுதான் முழுதாகப் பூக்கும். பூத்தால் எப்படி நாறும் என்று உனக்குத் தெரியாது. அது எதைப்போல நாறும் என்று எழுதலாம், ஆனால் நீ அக்கா, உனக்கு எழுத முடியாது. புது அறையின் ஜன்னல் சரியாக அதன் கிளைக்கு நேரே அமைந்துவிட்டது. "ஒண்ணு இந்த வீட்ல அந்த மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் தெஸ்பூல்லா. நான் கொஞ்சம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

கரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு மூட்டை கரி அனுப்பினேனே, "இந்த மாதிரி கரி பாத்ததே இல்ல, புகையே வரல" என்று ஹம்பிஸிடம் சொல்லியனுப்பினாயே, அது அந்த மரம்தான்.

நஷ்டம் உனக்கு மட்டும் என்று நினைக்காதே. நீ காயை நொறுக்கி ஊறவைத்துப் பாகு எடுத்த பிறகு சக்கை யாருக்கு? என் ஆடுகளுக்கு. அதைத் தின்றால்தான் பால் கெட்டியாகிறது, ஹலூமி பாலாடைக்கட்டி கையில் நிற்கிறது. கொட்டையை வியாபாரி கப்பலுக்கு வாங்கிக்கொண்டு போகிறான். உன் தாமிரக் கொப்பரைக்கு அடியில் எரிவது கழித்துப்போட்ட கரோப் கிளை. ஆடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும் கடைசித் தூளைக்கூட ஆலைப் பிண்ணாக்கோடு பிசைந்து சுவரில் தட்டிக் காயவைத்து, குளிர்காலம் முழுக்க எரிக்கிறோம். இந்த மரத்தில் நாம் பயன்படுத்தாமல் விட்டது அந்த நாற்றம் ஒன்றைத்தான். இப்போது கொப்பரை, தொட்டி, அடுப்பு மூன்றும் காலி. சூளைக்காரருக்கு மரத்தைக் கொடுத்தால் அப்படியே காலியாகத்தான் கிடக்கும். கொடுக்காதே அக்கா.

தம்பி
திரிஃபோன்

*

லிமசோல்
12 ஏப்ரல் 1962

திரிஃபோன்,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நாற்றத்துக்கு ஒரு பக்கம், கரிக்கு ஒரு பக்கம், ஆட்டுக்கு ஒரு பக்கம். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

மூட்டையில் மீதியிருந்த கரியை ஹம்பிஸிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எதுவென்று தெரிந்த பிறகு என்னால் அதை எரிக்க முடியவில்லை.

மிரோஃபோரா

*

கத்தோ லிவாதி
11 மே 1962

அக்கா,

கரி வந்து சேர்ந்தது. அன்றைக்கே தெஸ்பூல்லா உன் முதல் கடிதத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். அவள் மிட்டாயை ஒளித்துவைத்த அதே மாவுப் பானைக்குப் பின்னால்தான் நானும் அதை ஒளித்துவைத்திருக்கிறேன், என் புத்தியைப் பார்.

படித்துவிட்டு என்னை முறைத்தாள். "ஏய்யா, உன் வாய்ல இருக்கிறது நாக்கா கோடாலியா? மரத்தை மட்டுந்தான் வெட்டினேன்னு நெனச்சேன். மனுஷியையும் சேத்து வெட்டிட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு கேக்குற." ஈஸ்டருக்குச் சுட்ட பாலாடைக்கட்டி ரொட்டியில் எனக்குக் கருகினதாகப் பார்த்துத்தான் கிடைத்தது.

அக்கா, நான் மரத்தைத்தான் சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை. உன்னைப் போய்ச் சொல்வேனா? காய்க்காத மரத்தை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், வாய்ப் பழக்கம். இதை எழுதிக் கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தால் கிழித்ததே தேவலை என்று தோன்றுகிறது.

ஒரு நல்ல சேதி உண்டு. அடிக்கட்டை சாகவில்லை. அடியிலிருந்து துளிர் விட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, ஆடுதான் மேய்ந்துவிட்டது. நீ வந்த அன்று அது அங்கே ஏறி நின்றதும் அதற்காகத்தான். இப்போது பழைய இரும்புக் கட்டிலைக் குறுக்கே நிறுத்தி, சுற்றிலும் முள் போட்டு அடைத்துவிட்டேன். துளிர் விரல் அளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் அது பூக்கப் பல வருஷம் ஆகும். நீ கொடுத்திருப்பதோ அடுத்த அறுவடைவரை.

அதனால் ஒன்று யோசித்தேன். அத்தி மரத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? நல்ல அத்தி காய் பிடிக்க, காட்டு அத்திக் காயைச் சரமாகக் கோத்து அதில் தொங்கவிடுகிறோம். கரோப்புக்கும் அதையே செய்தால் என்ன? பூத்த ஆண் கிளையை எங்கிருந்தாவது வெட்டிவந்து உன் மரங்களில் கட்டலாம். கழுதையை ஓட்டிக்கொண்டு சுற்றுவட்டாரம் எல்லாம் தேடினேன். ஆண் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லா ஊரிலும் ஒரு தெஸ்பூல்லா இருக்கிறாள்.

தம்பி
திரிஃபோன்

*

லிமசோல்
4 ஜூன் 1962

திரிஃபோன்,

"மரத்தைத்தான் சொன்னேன், உன்னைச் சொல்லவில்லை." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. போய் அந்த மரத்திடம் கேள். தொப்பியைக் கழற்றிவிட்டு, வாய்விட்டு, நாலு பேர் பார்க்கும்போது கேள். கேட்டாய் என்று ஹம்பிஸ் வந்து சொன்னால் நம்புகிறேன்.

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பியெரிஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "மிரோ, உன் தம்பி வாய்க்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல, விடு" என்கிறார். அவருக்கு உன்மேல் கோபமே வரவில்லை என்பதில் எனக்கு அவர்மேலும் கோபம்.

ஆனால் அவர் ஒன்று சொன்னார். துறைமுகத்துக்குப் பின்னால் அவர் எடை போடும் கரோப் கிடங்கு உனக்குத் தெரியுமே, அதன் முற்றத்தில் ஒரு பெரிய கரோப் மரம் நிற்கிறது. இந்த வட்டாரத்துக் காயெல்லாம் அதன் நிழலில்தான் வந்து குவிகிறது. அதிலிருந்து ஒரு காய் விழுந்து யாரும் பார்த்ததில்லை. அக்டோபர் வந்தால் கணக்கர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார்களாம். சாக்கடையில்தான் அடைப்பு என்று நினைத்து அங்கே ஆள்விட்டுத் தோண்டிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். மரத்தை யாரும் சந்தேகப்படவில்லை, அதனால் அது பிழைத்தது.

கிளை தருவேன் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மரம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கடையில் பாகை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டேன். எள் விழுதோடு கலந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கேட்டு வருகிறவர்களுக்கு முகம் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். உன் முகத்துக்கு ஊற்றமாட்டேன்.

மிரோஃபோரா

*

கத்தோ லிவாதி
1 செப்டம்பர் 1962

அக்கா,

கேட்டுவிட்டேன். ஹம்பிஸ் அதற்குள் சொல்லியிருப்பான், ஆனால் அவன் கை கால் வைத்துச் சொல்வான். நடந்ததை நான் எழுதுகிறேன்.

அறுவடைக்குக் கோயில் மணி அடித்த அன்று காலையில் ஊரே கோலைத் தோளில் வைத்துக்கொண்டு நம் தோப்பு வழியாகத்தானே போகும். அப்போது போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினேன். "உன் அருமை தெரியாம வெட்டிட்டேன். தப்பா ஒரு வார்த்தையும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். போனவர்கள் நின்றுவிட்டார்கள். காப்பிக் கடைக்காரர், "திரிஃபோனு, வெயில் தலைக்கேறிடுச்சாய்யா? நெழல்ல உக்காரு" என்றார். "நெழலத்தான் நானே வெட்டிட்டேனே" என்றேன். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு உனக்கு லிமசோலில் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் சாயங்காலம் சிரித்தவர்களே ஒவ்வொருவராக வந்தார்கள். "எங்க மரத்துலயும் இந்த வருஷம் காய் கொறச்சல்தான். அது ஒண்ணுதான் இருந்துச்சா இந்தப் பக்கத்துக்கே?" என்று மெதுவாகக் கேட்டார்கள். காப்பிக் கடைக்காரர் ஒரு குவளை சிவானியா சாராயம் வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடித்தேன், மரத்துக்கு ஊற்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் மரங்களில் கிடைத்தது ஒரு கோணிகூட நிறையவில்லை. முழுவதையும் ஹம்பிஸிடம் ஏற்றியிருக்கிறேன், ஆட்டுக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. கோலைத் தொடவே இல்லை அக்கா, ஏணி வைத்துக் கையால் பறித்தேன். கோலால் அடித்தால் காயோடு புது மொட்டும் உதிர்ந்துவிடும், இந்த முறை ஒரு மொட்டைக்கூட இழக்க நமக்கு வக்கில்லை. மரம் முழுக்க மொட்டு விட்டிருக்கிறது. மகரந்தம்தான் இல்லை.

கிடங்கு மரம் எப்போது பூக்கும் என்று மாமாவைக் கேட்டு எழுது. தருவாய் என்று நான் சொல்லவில்லை. எப்போது பூக்கும் என்றுதான் கேட்கிறேன்.

திரிஃபோன்

*

லிமசோல்
4 அக்டோபர் 1962

ஈரக் கோணியில் கிளைகள் இருக்கின்றன. ஹம்பிஸை வண்டிக்கு மேலே கட்டவிடவில்லை, காற்றில் மகரந்தம் எல்லாம் பறந்துவிடும். உள்ளே தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள், பாவம்.

வந்ததும் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கிளையை நட்டு மரத்தில் கட்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக் கட்டு. வாடுவதற்குள் அடுத்த கோணி வரும். பியெரிஸ் கிடங்கில் மேலதிகாரியிடம் மரத்தின் கிளைகளைக் கழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார்.

இது உனக்காக அனுப்பவில்லை. என் மரங்களுக்கு.

மிரோ

*

கத்தோ லிவாதி
9 அக்டோபர் 1962

அக்கா,

ஹம்பிஸ் பஸ்ஸை நிறுத்தும் முன்பே உள்ளே சண்டை கேட்டது. கோழிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளைக் குளிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் கோழியைக் குளிப்பாட்டச் சொல்லியிருக்கிறார். பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் மாறிவிட்டாராம். "நாத்தம் இல்லம்மா, இது மருந்து" என்று ஹம்பிஸ் சொன்னானாம், "யாருக்கு?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டானாம். என்னிடம் கோணியை நீட்டிவிட்டு, "அண்ணே, அடுத்த தடவை உங்கக்காவையே ஏத்திட்டு வந்துடுறேன், இத வேணாம்" என்றான். நல்ல யோசனை என்றேன். நீ என்ன சொல்கிறாய்?

புட்டிக்குக் காப்பிக் கடையில் சொல்லிவைத்திருந்தேன். இரண்டு கழுதைச் சுமை வந்தது. இப்போது தோப்பு முழுக்கக் கிளைக்குக் கிளை பீர்ப் புட்டி தொங்குகிறது. மலையடிவார முகாமிலிருந்து வந்த ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனான். குடித்து முடித்தால் புட்டியை மரத்தில் மாட்டிவிடுவது இந்த ஊர் வழக்கம் என்று வீட்டுக்கு எழுதியிருப்பான்.

தெஸ்பூல்லாவைச் சொல்ல வேண்டும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவளே ஏணியில் ஏறி ஒவ்வொரு கிளையாக உலுக்குகிறாள். மஞ்சள் தூள் அவள் தலையெல்லாம் கொட்டுகிறது. "இதுக்கு அந்த மரத்தையே விட்டுவச்சிருக்கலாம்" என்று மேலேயிருந்து சொன்னாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தேனீ வருகிறது அக்கா. நிறைய வருகிறது. அவற்றுக்கு இந்த நாற்றம் பிடித்திருக்கிறது.

திரிஃபோன்

*

கத்தோ லிவாதி
28 மார்ச் 1963

அக்கா, பெட்டியைத் திற.

திரிஃபோன்

*

லிமசோல்
3 ஏப்ரல் 1963

திரிஃபோன்,

திறந்தேன். கடையில் ஆள் நின்றார்கள், அப்படியே நிற்கட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காம்பில் எத்தனை பிஞ்சு. பூனைக்குட்டி நகம் மாதிரி வளைந்துகொண்டு. பியெரிஸ் சாப்பாட்டுக்கு வந்தபோது அதை மேசை நடுவே கண்ணாடி டம்ளரில் வைத்திருந்தேன். அவர் சூப்பில் கரண்டியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, நம்ம கிடங்கு மரம்" என்றார், என்னமோ அவரே பூத்த மாதிரி.

சூளைக்காரர் நேற்றும் வந்தார். நான் டம்ளரைக் காட்டினேன். "இது காயாகுமுன்ன காத்து அடிச்சா எல்லாம் போயிடும்மா" என்றார். அதுவும் உண்மைதான். அதனால் இல்லை என்று இன்னும் சொல்லவில்லை, அறுவடைக்குப் பிறகு வாருங்கள் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. ஒரு துண்டு மிட்டாய் கொடுத்தனுப்பினேன். இருந்த பாகில் கடைசியாகக் கிளறியது அது.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் மரத்திடம் கேட்டுவிட்டாய், கிளை கட்டினாய், ஏணி பிடித்தாய், எல்லாம் செய்தாய். என்னிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. உன்னை மரத்திடம் அனுப்பியது நான்தான், தெரியும். அங்கேயே நின்றுவிடுவாய் என்று நினைக்கவில்லை.

அக்கா

*

கத்தோ லிவாதி
18 ஆகஸ்ட் 1963

அக்கா,

மணி இன்னும் அடிக்கவில்லை, இந்த வாரம் அடித்துவிடுவார்கள். உன் மரங்கள் கறுத்துப்போய்க் கிளை தாழ நிற்கின்றன. காற்று அடித்தது, விழுந்தது கொஞ்சம்தான். நடந்தால் தலையில் இடிக்கிறது. ஆடுகள் வாசனை பிடித்துவிட்டன, கட்டினால் நிற்பதில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கடிதத்தை எழுதாமல் இருப்பதற்காகத்தான் வேறு கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று தெஸ்பூல்லா என்னை மேசையில் உட்காரவைத்துக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

மரத்தைத்தான் சொன்னேன், உன்னைச் சொல்லவில்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் மரத்தையும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது நின்றவரை எல்லா மரத்திலும் காய் இருந்தது. அது போனதும் ஒன்றிலும் இல்லை. அப்படியென்றால் இத்தனை காலம் காய்த்தது எது? காய்க்கிற மரமெல்லாம் உனக்கு என்றார் அப்பா. அந்தக் கணக்கில் அது உன் மரம். உன் மரத்தை வெட்டிக் கரியாக்கி உனக்கே பண்டிகைப் பரிசாக அனுப்பியிருக்கிறேன்.

என் பிள்ளைகள் மூவரும் உன் வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். உன் கையால் சாப்பிட்டு, உன்னிடம் குட்டு வாங்கி, மாமா மடியில் தூங்கி விழுந்து வளர்ந்தார்கள். அவர்களில் மெலானி நிக்கோசியாவில் வாத்தியாரம்மாவாகி முதல் சம்பளம் வாங்கியபோது தலைத்துணி எடுத்தது உனக்குத்தான். தெஸ்பூல்லாவுக்கு அடுத்த மாதம்தான் வந்தது. அன்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. தெஸ்பூல்லா, "அவ செஞ்சதுதான் சரி" என்றாள். எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அந்த வார்த்தைக்கு உன் பக்கத்தில் வரக்கூட யோக்கியதை இல்லை அக்கா. வாபஸ் வாங்குகிறேன். மன்னித்துவிடு.

நேற்று சிவப்புச் சாயம் வாங்கிவந்து கட்டிலைத் தள்ளிவிட்டு அடிக்கட்டையில் உன் எழுத்தை எழுதினேன். துளிர்கள் என் இடுப்பளவு வந்துவிட்டன, அவற்றை விலக்கிக்கொண்டு எழுதியதில் கை ஆடி ஒரு கோடு நீண்டுவிட்டது. படித்தால் புரியும்.

கொப்பரையை வெளியே எடுத்துவைத்திருக்கிறேன். கதவைத் தட்டினேன், திறக்கிறாள்.

தம்பி
திரிஃபோன்

*

லிமசோல்
21 ஆகஸ்ட் 1963

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஹம்பிஸ் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றான். "மிரோக்கா, பதில் இருக்கா?" என்றான். படித்து முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "இருக்கு, எனக்கும் வீட்டுக்காரருக்கும் சனிக்கிழமை முன்னால சீட்டு போட்டு வை" என்றேன். "மூட்டை ஏதாச்சும்?" என்று பயந்துகொண்டே கேட்டான். இந்த முறை இல்லை என்றதும்தான் வண்டியை எடுத்தான். சூளைக்காரரிடம் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

கொப்பரையைச் சும்மா வெளியே எடுத்துவைத்தால் போதாது. எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவை. ஆட்டுத் தொட்டியையும் கழுவு, சக்கை நிறைய வரும். நான் வராமல் யாரும் கோலைத் தூக்கக் கூடாது. மொட்டு உதிராமல் அடிக்க உனக்கு இன்னும் தெரியாது.

பாகு காய்ச்சி முடித்ததும் ஓடிவிடமாட்டேன். அக்டோபர்வரை உங்கள் புது அறையில்தான் படுக்கப்போகிறேன். கிடங்குக் கிளைகளைப் பியெரிஸ் திரும்பி வந்து அனுப்பட்டும், நானே கட்டுகிறேன். இத்தனை வருஷம் அந்தப் பூவை முகர்ந்தே பார்க்காமல் பாகை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

சாயம் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதே. அந்த அடிக்கட்டையில் என் எழுத்து மட்டும் இருப்பது சரியில்லை, பக்கத்தில் உன் எழுத்தையும் போட வேண்டும். துளிர் மரமாகிப் பூக்கட்டும். அதனால் வரும் காய் எனக்கு, சக்கை உன் ஆட்டுக்கு, சுள்ளி இரண்டு அடுப்புக்கும். நாற்றத்தில் பாதி உனக்கு.

அக்கா